மடங்கும் மோதிர விரல்: முடிச்சுக்குள் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வாசகர் ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 58. கட்டட வரைபடம் வரைவது தொழில். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு முன் வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்கு நேர் கீழே, பட்டாணி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. வலி இல்லாததால் விட்டுவிட்டார். சென்ற ஆண்டிலிருந்து அந்த முடிச்சிலிருந்து விரலை நோக்கி ஒரு கயிறு புடைத்துக்கொண்டு வருகிறது. விரல் அடிமூட்டில் மடங்கத் தொடங்கிவிட்டது. மருத்துவர் அளந்து 20 டிகிரி என்றாராம். "இது டூப்யூட்ரன் நோய். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டாராம். அந்த ஆற்றாமையில் இணையத்தில் தேடித் தேடிப் படித்திருக்கிறார். டி.ஜி.எஃப் பீட்டா, டி.என்.எஃப், பீட்டா கேட்டினின் என்று செல்களில் சேதி கடத்தும் மூலக்கூறுகளின் பெயர்கள் எல்லாமே கடிதத்தில் இருக்கின்றன. டி.என்.எஃப்பைத் தடுக்கும் ஊசியைத் தெரிந்தவர் மூலம் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா என்பது முதல் கேள்வி. தினமும் இரவில் அரை மணி நேரம் முடிச்சைக் கட்டைவிரலால் நசுக்கி, விரலைப் பின்னுக்கு இழுக்கிறார். "கொலாஜன்தானே சேர்கிறது" என்று புரத உணவைக் குறைத்துவிட்டார். இது புற்றுநோயாக மாறுமா என்ற பயம் வேறு. குடிப்பவர்களுக்கு வரும் நோய் என்று உறவினர்கள் பேசுவது, ஒருநாளும் குடித்திராத அவரைப் புண்படுத்துகிறது. அவருடைய தந்தைக்கு எழுபது வயதில் இரு கை விரல்களும் மடங்கியிருந்தன. 29 வயது மகள் தன் கையை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொள்வதைக் காணத் தாங்கவில்லை என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மருத்துவர் சொன்ன முடிவு சரி. ஆனால் ஏன் பொறுத்திருக்க வேண்டும், எதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். காரணம் தெரியாமல் காத்திருக்கச் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த இரண்டு நிமிடத்தில் விடுபட்டதை இங்கே சொல்லப் பார்க்கிறேன். நீங்கள் இவ்வளவு படித்திருப்பதால் மூலக்கூறுகளைத் தவிர்க்கப் போவதில்லை. உங்கள் கேள்விகள் பலவற்றுக்கும் விடை அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு திருத்தம். "நரம்பு சுண்டிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இழுப்பது நரம்பும் அல்ல, விரலை மடக்கும் தசைநாரும் அல்ல. உங்களால் கையை முழுதாக முஷ்டி பிடிக்க முடிகிறது, நீட்டத்தான் முடியவில்லை. தசைநார் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உள்ளங்கைத் தோலுக்கு அடியில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. ஒரு பொருளை இறுகப் பற்றும்போது தோல் வழுக்கிப் போகாமல் கட்டி வைத்திருப்பது அதுதான். அந்தப் படலம்தான் தடித்துச் சுருங்குகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஹென்றி கிளைன் 1777-இலேயே இதைக் கண்டு சொன்னார். 1831-இல் பாரிஸில் டூப்யூட்ரன் அறுவை செய்து விளக்கியதால் நோய்க்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

முடிச்சுக்குள் நடக்கும் பேச்சு

உடலில் எங்கே காயம்பட்டாலும் அங்குள்ள நார்செல்களுக்கு ஒரு சேதி போகும். காயத்தின் வாயை இழுத்து மூடு, புதிய நார் நெய் என்பது அந்தச் சேதியின் சாரம். இதைச் சொல்லும் மூலக்கூறுகளில் முதன்மையானது டி.ஜி.எஃப் பீட்டா 1. அது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் போய் ஒட்டுகிறது. உள்ளே ஸ்மாட் என்னும் புரதங்கள் அந்தச் சேதியை வாங்கி உட்கருவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே கொலாஜன் செய்யும் மரபணுக்களும், தசைச்செல்லில் இருப்பதைப் போன்ற ஆக்டின் இழையைச் செய்யும் மரபணுவும் விழித்துக்கொள்கின்றன. சாதுவாக இருந்த நார்செல், இழுக்கும் வலிமை கொண்ட மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஆகிறது. பாதி நார்செல், பாதி தசைச்செல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கபியானியும் மாஜ்னோவும் 1972-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் டூப்யூட்ரன் முடிச்சில் இந்தச் செல்லைக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆறிவரும் காயத்தில் இதே வகைச் செல்லை அவர்கள் விவரித்திருந்தார்கள்.

காயம் ஆறியதும் இந்தச் செல்கள் தாமாகவே மடிந்துபோக வேண்டும். உங்கள் உள்ளங்கையில் அவை மடியவில்லை. காயமே இல்லாத இடத்தில் காயத்தை மூடும் வேலை ஓயாமல் நடக்கிறது. செல் இழுக்கும், விரல் கொஞ்சம் மடங்கும், மடங்கிய அந்த நிலையிலேயே புதிய கொலாஜன் படிந்து இறுகும். மறுபடி இழுக்கும். நான்கு ஆண்டுகளில் உங்களுக்கு நடந்தது இதுதான்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. டி.ஜி.எஃப் பீட்டா எந்நேரமும் விழித்திருப்பதில்லை. செல்களுக்கு இடையிலான நார்வலையில் பூட்டிய நிலையில் சேமிப்பாகக் கிடக்கிறது. செல் அந்த வலையைப் பிடித்து இழுக்கும்போதே பூட்டு திறந்து அது வெளிவரும். வெளிவந்தது, இன்னும் இழு என்று அதே செல்லுக்குச் சொல்லும். வலை எவ்வளவுக்கு விறைக்கிறதோ, பூட்டு அவ்வளவுக்கு எளிதாகத் திறக்கும். இழுவிசை சேதியை வரவழைக்கிறது, சேதி இழுவிசையைக் கூட்டுகிறது. சுற்றிச் சுற்றி வரும் இந்தச் சங்கிலியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அரை மணி நேர இழுப்பைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

அடுத்தது விண்ட் பாதை, செல்லுக்குள் சேதி கடத்தும் இன்னொரு வழி. பீட்டா கேட்டினின் என்னும் புரதம் அந்தப் பாதையைச் சேர்ந்தது. 2011-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்த நோயோடு தொடர்புள்ள ஒன்பது இடங்களைக் கண்டது. அவற்றில் ஆறின் அருகில் விண்ட் பாதைக்கான மரபணுக்கள் இருந்தன. பீட்டா கேட்டினின் என்ற சொல் புற்றுநோய்க் கட்டுரைகளிலும் வருவதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். பாதை பொது, பயணம் வேறு. டெஸ்மாய்டு என்னும் கட்டியில் பீட்டா கேட்டினின் மரபணுவிலேயே பிறழ்வு இருக்கும். டூப்யூட்ரன் முடிச்சுகளில் தேடிப் பார்த்தும் அந்தப் பிறழ்வு காணப்படவில்லை. இது புற்றுநோய் அல்ல. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவாது. இந்தப் பயத்தை மட்டுமாவது இன்றோடு இறக்கி வையுங்கள்.

மூன்றாவது, உங்கள் கேள்விக்குக் காரணமான டி.என்.எஃப் என்னும் அழற்சிச் சேதி. முடிச்சுக்குள் நார்செல்களோடு மேக்ரோஃபேஜ், மாஸ்ட் செல் போன்ற எதிர்ப்புச் செல்களும் குடியிருக்கின்றன. டி.என்.எஃப் அவற்றிலிருந்தும் சுரக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமான ஒன்றைக் காட்டியது. இந்த நோயாளிகளின் உள்ளங்கையிலிருந்து எடுத்த நார்செல்கள் டி.என்.எஃப் பட்டதும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறின. அதே ஆட்களின் உள்ளங்கை அல்லாத இடத்துத் தோலில் எடுத்த செல்கள் மாறவில்லை. டி.ஜி.எஃப் பீட்டாவோ எல்லா நார்செல்லையும் மாற்றிவிடும். அதனால்தான் "டி.ஜி.எஃப் பீட்டாவைத் தடுத்தால் போதாதா" என்ற உங்கள் கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடியவில்லை. காயம் ஆறுவதற்கும், எதிர்ப்பு மண்டலம் வரம்பு மீறாமல் இருப்பதற்கும் அது உடல் முழுக்கத் தேவைப்படுகிறது. டி.என்.எஃப் மீது நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம், அது இந்த நோய்க்கு நெருக்கமான, ஓரளவு தனித்த கதவாகத் தெரிந்தது.

வீட்டில் ஊசி வேண்டாம்

டி.என்.எஃப்பைத் தடுக்கும் அடலிமுமாப் ஊசி பற்றி நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்து 2022-இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் 140 பேர் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் தொடக்கநிலை நோய்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என நான்கு ஊசிகள். மருந்து பெற்றவர்களின் முடிச்சு, வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களின் முடிச்சைவிட மென்மையானது, அளவிலும் சிறுத்தது. மகிழ்ச்சியான முடிவுதான். ஆனால் அளந்தது முடிச்சின் கடினத்தையும் அளவையும். விரல் மடங்குவதையோ, பிற்காலத்தில் அறுவை தேவைப்படுவதையோ இந்த ஊசி தடுக்கும் என்பதை அந்தச் சோதனை நிறுவவில்லை. ஏற்கெனவே மடங்கிய விரலை நிமிர்த்தும் என்றும் காட்டவில்லை. உங்களுக்கு முடிச்சோடு கயிறும் இருக்கிறது. கயிற்றில் செல்கள் குறைவு, இறுகிய கொலாஜன்தான் மிகுதி. செல்லுக்குப் போகும் சேதியை நிறுத்தினாலும் படிந்த கொலாஜன் கரைந்துவிடாது.

இன்னொன்று. அந்தச் சோதனையில் 40 மில்லிகிராம் மருந்தை 0.4 மில்லி அளவுக்குச் செறிவாக்கி, நேரே முடிச்சுக்குள் செலுத்தினார்கள். உங்கள் நண்பர் வாங்கித் தருவதாகச் சொல்வது மூட்டுவாத நோயாளிகள் வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் ஊசியாக இருக்கும். அதை அங்கே போட்டால் உள்ளங்கை முடிச்சில் வேண்டிய செறிவு சேரும் என்று எண்ண இடமில்லை. நீங்களே முடிச்சில் குத்திக்கொள்வது இன்னும் ஆபத்து. விரலுக்கு உணர்வு தரும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அங்கிருந்து மயிரிழை தூரத்தில் ஓடுகின்றன. சில சமயம் கயிறு அவற்றை இடம் மாற்றியும் வைத்திருக்கும்.

டி.என்.எஃப் நம்மைக் காக்கவும் செய்கிறது. உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறையிட்டு வைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதைத் தடுத்தால் காசநோய் தலைதூக்கலாம், ஹெப்படைட்டிஸ் பி மீண்டும் கிளம்பலாம். எனவேதான் இந்த மருந்தைத் தொடங்கும் முன் இரண்டுக்கும் பரிசோதனை செய்வது கட்டாயம். சர்க்கரை நோய் இருப்பதால் தொற்றுக்கான வாய்ப்பு உங்களுக்கு ஏற்கெனவே கூடுதல். மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன், அந்த ஊசியை வாங்காதீர்கள்.

ஒரு மருத்துவரே முன்வந்து இதைப் போடலாம் என்றால்? இந்த நோய்க்கென ஒப்புதல் பெறாத மருந்தை அவர் தருகிறார் என்று உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆய்வில் சேரச் சொன்னால், எழுத்து வடிவில் விளக்கம் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்துப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், அதனால் வழக்கமான சிகிச்சை தடைப்படக் கூடாது. இவை உங்கள் உரிமைகள்.

இழுப்பும் புரதமும்

இழுவிசைதான் டி.ஜி.எஃப் பீட்டாவின் பூட்டைத் திறக்கிறது என்று சொன்னேன் அல்லவா? முடிச்சை நசுக்கி, விரலை வலிக்க வலிக்கப் பின்னுக்கு வளைப்பது நோயைத் தடுக்கும் என்று காட்டிய நம்பகமான சான்று இல்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ட செல்லியல் அதற்கு எதிர்த்திசையில்தான் சுட்டுகிறது. நான்கு ஆண்டுகளாக வலியே இல்லாத முடிச்சு இப்போது இரவில் கனன்று வலிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். கையை இயல்பாக நீட்டி மடக்குவதும், வேலை செய்வதும், லேசாகத் தடவிவிடுவதும் தாராளமாகச் செய்யலாம். வரைபடப் பணியை விட வேண்டியதில்லை. இரவுநேரத் தாங்குபட்டையும் வேண்டாம். அறுவைக்குப் பின்கூட எல்லோருக்கும் வழக்கமாக இரவுப் பட்டை கட்டுவதால் கூடுதல் பயன் இல்லை என்று 2011-இல் வெளியான சமவாய்ப்புச் சோதனை காட்டியது.

புரதத்தைக் குறைத்தது தவறு. உண்ணும் புரதம் முதலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடும். கொலாஜன் எங்கே எவ்வளவு நெய்வது என்பதை முடிவு செய்வது செல்லுக்கு வரும் சேதி, உங்கள் தட்டில் இருப்பது அல்ல. நாளைக்கு அறுவை தேவைப்பட்டால், புரதம் குறைந்த உடலில் காயம் ஆறத் தாமதமாகும்.

இப்போது உள்ள வழிகள்

உள்ளங்கையை மேசைமேல் குப்புற வைத்துப் பாருங்கள். முழுதாகப் படிந்தால் அவசரம் இல்லை. உங்கள் கை படியவில்லை என்பதால் கை அறுவை நிபுணர் ஒருவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. பொதுவாக அடிமூட்டு 30 டிகிரி அளவுக்கு மடங்கும்போது சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவோம். அடிமூட்டைப் பிற்பாடு நிமிர்த்துவது பெரும்பாலும் எளிது. நடுமூட்டு அப்படியல்ல. அது நாள்பட மடங்கிக் கிடந்தால் மூட்டின் உள்ளேயே இறுகிவிடும், கயிற்றை அறுத்தாலும் முழுதாக நிமிராது. எண்களைவிட முக்கியம் உங்கள் அன்றாடம். முகம் கழுவும்போது விரல் கண்ணைக் குத்துகிறதா, சட்டைப் பையில் கை நுழைய மறுக்கிறதா, அளவுகோலைப் பிடிப்பது தடைப்படுகிறதா? நிபுணரிடம் இவற்றைச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சு சிகிச்சை வளரும் முடிச்சுக்கு, விரல் மடங்கத் தொடங்கும் முன் அல்லது மிகத் தொடக்கத்தில் சில நாடுகளில் தரப்படுகிறது. பெருகும் செல்களைத்தான் அது தாக்கும், கயிற்றை ஒன்றும் செய்யாது. தோல் வறண்டு மெலியலாம். உங்கள் நிலைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்டீராய்டு ஊசி முடிச்சை இளக்கலாம், ஆனால் விரலை நிமிர்த்தாது. சர்க்கரையைச் சில நாள் ஏற்றியும் விடும்.

கயிறு முற்றியபின் மூன்று வழிகள். முதலாவது ஊசிமுறை, அதாவது மருந்து ஏதும் செலுத்தாமல், தோலை மரக்கச் செய்து ஊசிமுனையால் கயிற்றைத் துண்டித்து விரலை நிமிர்த்துவது. சில நாளில் வேலைக்குத் திரும்பலாம். இரண்டாவது, கொலாஜனேஸ் என்னும் நொதியைக் கயிற்றுக்குள் செலுத்திக் கரைப்பது. அமெரிக்காவில் 2010-இல் ஒப்புதல் பெற்ற மருந்து இது. பின்னர் வேறு பல நாடுகளில் வணிகக் காரணங்களால் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. மூன்றாவது, நோயுற்ற படலத்தை அறுவையில் வெட்டி எடுப்பது. குணமாக வாரக் கணக்கில் ஆகும். விரல் மரத்துப்போதல், விறைப்பு, தொற்று, நீடித்த வலி போன்ற சிக்கல்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

எது நீடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நெதர்லாந்தில் நடந்து 2012-இல் வெளியான சோதனையில், ஐந்து ஆண்டுக்குள் ஊசிமுறையில் சுமார் 85 விழுக்காட்டினருக்கும் அறுவையில் சுமார் 21 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. 2024-இல் வெளியான பிரிட்டன் சோதனையில் 672 பேரை ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் கொலாஜனேஸ் அறுவைக்கு ஈடாகவில்லை. சேதிகளைப் பற்றிப் படித்த உங்களுக்கு இதன் காரணம் இப்போது பிடிபடும். ஊசியும் நொதியும் கயிற்றைத்தான் அறுக்கின்றன, சேதி பேசும் செல்கள் அங்கேயே இருக்கின்றன. அறுவை செல்களில் பெரும்பகுதியை அகற்றுகிறது. ஆனாலும் மிச்சப் படலத்தில் அதே மரபணுக்கள். அதனால் அதற்குப் பிறகும் திரும்பக்கூடும். இப்படிச் சொல்வதால் ஊசிமுறையை ஒதுக்கிவிடாதீர்கள். வேலையை நிறுத்த முடியாதவருக்கு, அடிமூட்டில் மட்டும் கயிறு உள்ளவருக்கு, அது நல்ல வழி. திரும்ப வந்தால் திரும்பவும் செய்யலாம். உங்களுக்கு ஒருநாள் தேவைப்பட்டால் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது அதைத்தான்.

குடியும் குடும்பமும்

மிகுதியாகக் குடிப்பவர்களிடம் இந்நோய் சற்று அதிகம் காணப்படுகிறது என்பது உண்மை. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், அதிரும் கருவிகளோடு ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள் ஆகியோரிடமும் அப்படித்தான். மரபுப் பங்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. டென்மார்க் இரட்டையர் ஆய்வு அதைச் சுமார் 80 விழுக்காடு என்று மதிப்பிட்டது. உறவினர்கள் பேசும்போது உங்கள் தந்தையின் கைகளைச் சுட்டிக்காட்டுங்கள், போதும்.

ஆனால் அந்த 80 என்ற எண்ணை உங்கள் மகள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அவருக்கு நோய் வர 80 விழுக்காடு வாய்ப்பு என்பது அதன் பொருள் அல்ல. மக்களிடையே ஒருவருக்கு நோய் வருவதும் இன்னொருவருக்கு வராததுமாக உள்ள வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணுவால் விளைகிறது என்பதையே அது சொல்கிறது. சிறு சிறு மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்து உண்டாகும் நோய் இது. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவும், பிந்திய வயதிலும், பெரும்பாலும் மிதமாகவும் வருகிறது. 29 வயதில் அவர் செய்ய வேண்டிய பரிசோதனை எதுவும் இல்லை. தினமும் கையைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். என்றாவது முடிச்சு தட்டுப்பட்டால் காட்டட்டும். உங்கள் பாதத்தின் அடியிலோ விரல் கணுக்களின் மேலோ இதே போன்ற தடிப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். இருந்தால் நோய் சற்று வேகமாக வளரக்கூடிய வகை, சந்திப்புகளை நெருக்கமாக வைத்துக்கொள்வோம்.

அடுத்த முறை போகும்போது இதைக் கொண்டுபோங்கள். கையை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த படம், மூன்று மாதத்துக்கு ஒன்று. கூடவே அன்றைய தேதியும், முடியாமல்போன வேலை ஏதாவது இருந்தால் அதுவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். அதற்குள் நடுமூட்டு மடங்கத் தொடங்கினால் மட்டும் ஆறு மாதம் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.